விழித்த லென்ஸ்

"காரை வித்துட்டு, அந்தக் காசுல கார் படம் எடுக்க லென்ஸ் வாங்கப் போறீங்க. நான் புரிஞ்சுக்கிட்டது சரிதானே?"

"சாதாரண லென்ஸ் இல்ல. விழிச்ச லென்ஸ். ஒளியார் சாமி தொட்டு எழுப்பினது."

"அப்ப வீட்ல இருக்கிற நாலும் தூங்குதா?"

"கிண்டல் பண்ணாத. ஒளியார் நாலையும் காதுல வச்சுக் கேட்டார். எல்லாத்துலயும் பழைய ஓனருங்களோட வயித்தெரிச்சல் தங்கியிருக்காம்."

கேட்டவள் மனைவி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். பதில் சொன்ன கணவர், இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்தில் சிக்கிய கார்களைப் பார்வையிடுகிறவர். வாரத்தில் ஆறு நாள் நசுங்கிய பம்பர்களையே படமெடுத்த மனிதருக்கு, ஏழாவது நாளில் நசுங்காத காரைப் படமெடுக்க ஆசை வந்தது நியாயம்தான். முதலில் ஒரு கேமரா வந்தது. அது தனியாக இருக்குமே என்று லென்ஸ்கள் வந்தன. பிறகு முக்காலி, முக்காலிக்கு ஒரு பை, பைகளுக்கு ஓர் அலமாரி, அலமாரிக்குள் ஈரம் அண்டாமலிருக்க ஒரு மின்சாரப் பெட்டி. அந்த வீட்டில் வியர்க்காமல் வாழ்ந்தவை லென்ஸ்கள் மட்டுமே. பையைச் சுமந்து சுமந்து அவருடைய வலது தோள் வலிக்க ஆரம்பித்தது. மனைவியே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லாத்தான் இருக்கு, பையிலதான் கோளாறு" என்றாள்.

இப்போது காருக்கே ஆபத்து. அது போனால் அவள் விடிவதற்குள் எழுந்து, இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாங்குகிறவர் வருகிறார்.

"சரி, அவருக்குச் சக்தி இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"ஒட்டின கவரைத் தொட்டே சொல்றார்! உள்ள இருக்கிற படம் எந்த வருஷம், எத்தனை மணி, எந்த லென்ஸ்ல எடுத்தது, எல்லாம்."

"படம் எப்படிக் கவருக்குள்ள போகுது?"

"முதல் நாளே ஒரிஜினல் ஃபைலை அவர் மச்சானுக்கு அனுப்பிடணும். மச்சான் பிரிண்ட் போட்டு, பேர் எழுதி, ஒட்டி வச்சிடுவார்."

"ஓஹோ" என்றாள்.

பத்து வருடம் குடும்பம் நடத்தியவர், அந்த 'ஓஹோ'வுக்குப் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. விழித்த லென்ஸ் நினைப்பிலேயே இருந்தார்.

"விக்கிறதுக்கு முன்னாடி நம்ம காரை நான் ஒரே ஒரு படம் எடுத்துக்கறேங்க. அதையே உங்க பேர்ல அனுப்புங்க."

அவர் உருகிப்போனார். ஒருவழியாக இவளும் வழிக்கு வந்துவிட்டாளே! சனிக்கிழமை வாசலில் நின்று, கேமராவோடு வந்த பழைய லென்ஸை மாட்டிக்கொண்டு, அவள் ஏதேதோ பட்டன்களை வெகுநேரம் அழுத்தினாள். "ஒரு படத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்டுச் சிரித்தார் அவர். அந்தச் சிரிப்போடேயே படத்தில் விழுந்தார்.

ஞாயிறு காலை. ஒளியாரைப் பார்க்க வந்த கேமராப் பிரியர்களால் ஓட்டல் ஒன்றின் கூட்ட அறை நிரம்பி வழிந்தது. பல் டாக்டர், இரண்டு பேங்க் அதிகாரிகள், ஒரு கட்டடக் காண்ட்ராக்டர், படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள். யாருடைய படத்தைப் பார்த்தாலும் இவர்கள் முதலில் கேட்பது "எந்த லென்ஸ்?" அடுத்து, "எத்தனை மணி வெளிச்சம்?" படத்தில் இருப்பவர் ஏன் அழுகிறார் என்று யாரும் கேட்டதில்லை. ஃபைலுக்குள் தேதி, நேரம், லென்ஸ் எல்லாம் பதிவாகி இருக்கும் என்பது அத்தனை பேருக்கும் மனப்பாடம். அதையே ஒருவர் மேடையில் ஒப்பிக்கும்போது மட்டும் மறந்துபோகும்.

மேடையில் கறுப்பு வெல்வெட்டின் மேல் விழித்த லென்ஸ்கள் வரிசையாக இருந்தன, எல்லாம் மூடி போட்டபடியே. விழித்த பிறகு மூடி எதற்கு என்று கேட்பாரில்லை. ஒளியாரும் அப்படித்தான். ஒளியைப் பற்றியே மூச்சு விடாமல் பேசுவார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே மாட்டார்.

பல் டாக்டரின் கவரை நெற்றியில் வைத்துத் தலையை நிமிர்த்தினார். "போன வருஷம். சாயங்காலம் ஆறே கால். எண்பத்தஞ்சு எம்.எம்."

பல் டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்கு ஏற்கெனவே தெரிந்ததை அடுத்தவர் வாயால் கேட்பதில் அப்படியோர் உருக்கம்.

அடுத்தது இன்சூரன்ஸ்காரரின் கவர். ஒளியாரின் குரல் தழுதழுத்தது.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி... நடுராத்திரி மூணு மணி. கேமராவோட வந்த லென்ஸ். கும்மிருட்டு. ஒரு மனுஷன் தன்னந்தனியா அழுதுகிட்டே எடுத்த படம்."

கைதட்டல் காதைப் பிளந்தது. தட்டுவதற்காக எழுந்த இன்சூரன்ஸ்காரரின் கைகள் பாதியில் நின்றன. கார் வாங்கியே இரண்டு வருடம்தானே ஆகிறது?

கூடவே வந்திருந்த மனைவி மேடையேறிக் கவரைக் கிழித்தாள். படத்தைத் தூக்கிக் காட்டினாள். உச்சி வெயிலில் கார் தகதகத்தது. நிழல் சக்கரத்துக்கடியில் சுருண்டு கிடந்தது. பக்கத்தில் இன்சூரன்ஸ்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நேத்து மத்தியானம் நான் எடுத்தேன் சார். கேமராவுல தேதியையும் மணியையும் மாத்தி வச்சுட்டு எடுத்தேன். எங்க எக்ஸ்ரே மெஷின்ல ஒரு தடவை கடிகாரம் கெட்டு, தேதி பின்னாடி போய், இன்னும் பிறக்காத பிள்ளைக்குக் கால் முறிஞ்சதா ஃபிலிம் வந்துச்சு. அங்க கத்துக்கிட்டது."

ஒளியார் அசரவில்லை. "அம்மா, நான் சொன்னது அந்தக் காரோட முற்பிறவியை."

நாலைந்து தலைகள் பக்தியோடு ஆடின. ஆனால் இன்சூரன்ஸ்காரருக்குள் ஏதோ ஒன்று விழித்தது. லென்ஸ் அல்ல. தினமும் பொய்க் கதைகளோடு நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களை உட்காரவைத்து விசாரிக்கிற ஆபீஸ் மூளை.

"முற்பிறவியில அது என்ன வண்டி சார்? நம்பரைச் சொல்லுங்க, ரெக்கார்ட்ல பார்த்துடலாம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மனைவி கைப்பையிலிருந்து இன்னொரு கவரை எடுத்து நீட்டினாள். "இதுக்கு ஃபைல் அனுப்பல. தொட்டுச் சொல்லுங்க."

ஒளியார் மச்சானைப் பார்த்தார். மச்சான் கூரையைப் பார்த்தார்.

"கடற்கரை..." என்றார் ஒளியார், நெற்றி வியர்க்க. "அழகான ஒரு பொண்ணு. அலை வந்து காலைத் தொடுது."

இன்சூரன்ஸ்காரர் கவரைப் பிரித்து, உள்ளே இருந்த ஃபிலிமை விளக்குக்கு நேராகப் பிடித்தார்.

"அந்த அழகான பொண்ணு என்னோட வலது தோள்பட்டைங்க."

அதற்குப் பிறகு அறையில் எழுந்த கூச்சலில், மேடையோரக் கதவு திறந்து மூடிய சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. மச்சான் மட்டும் வெல்வெட்டைச் சுருட்டும்போது பிடிபட்டார். அவர் சட்டைப்பையில் நாற்பது பேருடைய பெயர், தேதி, மணி, லென்ஸ் எழுதிய தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"இந்த மச்சானைத் திட்டி என்னங்க பிரயோஜனம்?" என்றாள் அவள் கூட்டத்தைப் பார்த்து. "அவரும் உங்களை மாதிரிதான். நம்பரைப் பார்த்தார், படத்தைப் பார்க்கல. லென்ஸ் மூடியை நீங்களே கழட்டிக்கிறீங்க. மூளையோட மூடியைக் கழட்ட மட்டும் ஏன் ஆள் தேடுறீங்க?"

எல்லோரும் தலைகுனிந்தார்கள். சிலர் குனிந்த தலையோடேயே கேமராவைச் சரிபார்த்துக்கொண்டார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் இன்சூரன்ஸ்காரர் போனை எடுத்தார். "சாயங்காலம் வர வேண்டாங்க. வண்டியை விக்கல." சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, தோளிலிருந்த பையைப் பின்சீட்டில் இறக்கி வைத்தார். அவள் வண்டியைக் கிளப்பினாள்.

அப்போது பல் டாக்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார். கண்ணாடியைத் தட்டினார். அவள் இறக்கியதும், இரண்டு கையாலும் ஒரு லென்ஸை உள்ளே நீட்டினார்.

"அக்கா, எலும்பு வரைக்கும் ஊடுருவிப் பார்க்கிற கண்ணு உங்களுக்கு. அந்தாளை நம்பி மோசம் போயிட்டேன். நீங்களே இதை ஒரே ஒரு தடவை தொட்டுக் குடுத்துடுங்களேன்?"