அத்தையின் கதையைச் சுத்தம் செய்தேன்

எனக்குக் கணினி தெரியும் என்று நானாக யாரிடமும் பொய் சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னபோது மறுக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்பு கண்டி நகரில் ஒரு போட்டோ கொப்பி கடையில் இரண்டு வருடம் வேலை செய்தேன். விண்ணப்பப் படிவம் தட்டச்சு செய்வேன், அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் ஒரே தாளில் வரும்படி பிரதி எடுப்பேன். (அதிலும் ஒரு பக்கம் அடிக்கடி தலைகீழாக வரும்.) இந்தத் தகுதியோடு ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துக்கு மருமகளாகப் போனபோது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் என்னைக் "கொம்பியூட்டர் படிச்ச புள்ள" என்றார்கள். நானும் தலையைக் குனிந்து சிரித்து வைத்தேன்.

என் மாமியார் தோட்டத்துப் புள்ளக்காம்பராவில் டீச்சர். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் அது. இருபத்தாறு வருடமாக அங்கே கதை சொல்லிச் சொல்லி, அத்தைக்குச் சாதாரணமாகப் பேசவே மறந்துவிட்டது. உப்பு வாங்கி வரச் சொன்னாலும் அதில் ஒரு நரியும் ஒரு திருப்பமும் இருக்கும். வீட்டில் அவர் பேசத் தொடங்கினால் மாமா பேப்பரை விரித்துக்கொள்வார், என் கணவர் வேலியைத் திருத்தப் போய்விடுவார். கல்யாணமாகி நாலே மாதமான நான் மட்டும் உட்கார்ந்து கேட்டேன். உண்மையாகவே எனக்கு அந்தக் கதைகள் பிடித்திருந்தன.

அந்தச் சமயத்தில்தான், தோட்டத்துப் பிள்ளைகளுக்காகக் கதைகளை ஒலிப்பதிவு செய்யப்போகும் ஓர் அமைப்பு கதை சொல்ல ஆள் தேடுகிறது என்று ஓர் அறிவித்தல் வந்தது. ஐந்து நிமிடக் கதை ஒன்றைப் பதிந்து வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். அத்தை அந்த அறிவித்தலை நாலாக மடித்து மணிபர்சில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தார். அவருக்கு அவ்வளவு ஆசை. மூன்றாம் நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாலினி, இது நமக்கெல்லாம் சரிவருமா?"

"அதெல்லாம் சின்ன வேல அத்தை. நான் பார்த்துக்கிறேன்" என்றேன். அந்த வாயை இப்போது நினைத்தாலும் இரண்டு போடவேண்டும் போல இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை, என் நாத்தனாரின் பழைய மடிக்கணினியும் இரவல் வாங்கிய ஒரு மைக்கும் தயார். அத்தை லீவு போட்டுவிட்டு, கல்யாணச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். (ஒலிப்பதிவுக்குச் சேலை எதற்கு என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.) மைக்கைச் சோற்றுப் பானையின் மேல் நிறுத்தி, அவரைக் கதிரையில் உட்கார வைத்து, நான் கணினியோடு அறையின் மறுகோடியில் உட்கார்ந்தேன். அத்தை மைக்குக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு முழுக் கதையையும் சொன்னார். போட்டுக் கேட்டால், கணினியின் காற்றாடிச் சத்தமும் நான் மூக்கை உறிஞ்சும் சத்தமும்தான் கேட்டன. மைக்கைச் செருகினால் போதாது, அதிலிருந்து பதியச் சொல்லிக் கணினியின் செட்டிங்கில் மாற்றவும் வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மாற்றினேன். இரண்டாவது தடவை குரல் வந்தது, ஆனால் கூடவே 'ஊய்ங்' என்று ஒரு சத்தம். ஸ்பீக்கரை அணைக்க மறந்திருந்தேன். மூன்றாவது தடவை எல்லாம் சரியாக இருந்தது. அத்தை கதையின் உச்சத்துக்கு வந்து, புள்ளக்காம்பராவில் கேட்பது போலவே கேட்டார்.

"சொல்லுங்க பாப்போம், ஆட்டுக்குட்டி எங்க ஒளிஞ்சிருக்கு?"

"கொழுந்துக் கூடைக்குள்ள டீச்சர்."

பதில் சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெரியசாமி அண்ணன். எங்கள் லயத்தில் வீடுகளுக்கு நடுவில் சுவர் உண்டு, ஆனால் அது கூரைவரை போகாது. ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் தடிமனுக்குக் கொத்தமல்லி அவிப்பார்கள். அவர் காலையிலிருந்து மூன்று தடவையும் கதையைக் கேட்டிருக்கிறார், விடையும் மனப்பாடமாகிவிட்டது. அத்தையோ நிறுத்தாமல் "ஆமா, கூடைக்குள்ளதான்" என்று தொடர்ந்து கதையை அழகாக முடித்துவிட்டார்.

"விடுங்க அத்தை, இதே போதும். சத்தத்த எல்லாம் நான் சுத்தம் பண்ணிடுறேன்" என்று அவரைச் சமைக்க அனுப்பினேன்.

சுத்தம் செய்வதற்கு ஒரு காணொளி பார்த்தேன். தொடக்கத்தில் யாரும் பேசாத சில நொடிகளைத் தெரிவு செய்து, 'இதுதான் இரைச்சல்' என்று கணினிக்குக் காட்ட வேண்டும். பிறகு முழுப் பதிவையும் தெரிவு செய்தால், அந்தச் சத்தம் எங்கே இருந்தாலும் அது எடுத்துவிடும். எளிதான வேலைதான். ஆனால் தொடக்கத்திலிருந்த அமைதியான நொடிகளை, வீணாக எதற்கு என்று நான் ஏற்கெனவே வெட்டி எறிந்திருந்தேன். அதை மறந்து முதல் பத்து நொடியைக் காட்டினேன். அந்தப் பத்து நொடியிலும் இருந்தது, வணக்கம் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் அத்தையின் குரல்.

கேட்டுப் பார்த்திருக்கலாம். நான் படத்தைத்தான் பார்த்தேன். திரையில் தடித்திருந்த கோடுகள் மெலிந்தன. மெலிந்தால் சுத்தம் என்று நினைத்து, துணி அலசுவது போல இன்னும் இரண்டு தடவை அதையே செய்தேன். கடைசியில் சத்தத்தைக் கூட்டி, அதே பெயரில் சேமித்து, பழசு எதற்கு என்று மற்ற இரண்டு பதிவுகளையும் அழித்துவிட்டேன். கடையில் பழகிய ஒழுங்கு அது.

மூன்று மணிக்கு அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஹெட்போனை மாட்டினார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் புன்னகை, பிறகு நெற்றிச் சுருக்கம், பிறகு ஒன்றுமே இல்லை.

"நான் எங்கம்மா?" என்றார்.

வாங்கிக் கேட்டேன். கோழி கேறியது, தண்ணீர்க் குழாய் சொட்டியது. அடியில் யாரோ கிணற்றுக்குள் முனகினார்கள். திடீரென்று எல்லாவற்றுக்கும் மேலே, கட்டைக் குரலில், கணீரென்று "கொழுந்துக் கூடைக்குள்ள டீச்சர்."

நடந்ததைச் சொன்னேன். அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எரைச்சல்னு எத காட்டுன?"

"நீங்க வணக்கம் சொன்ன இடத்த, அத்தை."

"பரவால்ல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. இருபத்தாறு வருடம் கதை சொன்னவர் வாழ்க்கையில் முதல் தடவையாக வெளியே ஒரு காதுக்கு ஆசைப்பட்டார், அதையும் நான் கெடுத்துவிட்டேன். கதிரையில் உட்கார்ந்து அழுதேன்.

பத்து நிமிடத்தில் இரண்டு கோப்பை பிளேன்டீயோடு அத்தை திரும்பி வந்தார். ஒன்றை என் கையில் வைத்தார்.

"அழுதா மணி நிக்குமா? ஒன் போன எடு. அந்தக் கொம்பியூட்டர தொடாத." பிறகு சுவருக்கு மேலே பார்த்து, "பெரியசாமி, ஒளிஞ்சிருந்து பதில் சொல்லாம இங்க வந்து ஒக்காந்து சொல்லு" என்றார்.

பெரியசாமி அண்ணன் மட்டுமா வந்தார்? அந்த நேரம் வீட்டிலிருந்த பாதி லயமே வந்து பாயில் உட்கார்ந்தது. நான் போனைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கினேன். அத்தை ஒரே மூச்சில் சொன்னார். ஆட்டுக்குட்டி எங்கே என்றதும் எல்லோரும் ஒன்றாகப் பதில் சொன்னார்கள், யாரோ சிரித்தார்கள், கோழியும் கத்தியது. எதையும் வெட்டாமல், எதையும் சுத்தம் செய்யாமல், நாலு மணிக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து அத்தையைக் கூப்பிட்டார்கள். இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை கண்டிக்குப் போய் ஒரு கலையகத்தில் கதை சொல்லிவிட்டு வருகிறார். துணைக்கு நான்தான் போகிறேன், எதையும் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு.

இதெல்லாம் அதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் கல்யாண வீடோ காதுகுத்தோ, எங்கே போனாலும் அத்தை என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்துகிறார்.

"இதுதான் என் மருமக. எங்க வீட்டுக்காரரு முப்பத்தஞ்சு வருஷமா என் வாய அடைக்கப் பாத்து முடியாமப் போச்சு. இவ வந்து நாலே மாசத்துல அடைச்சிட்டா."

பக்கத்தில் நிற்கும் மாமா ஒவ்வொரு தடவையும் என்னை ஒரு மரியாதையோடு பார்க்கிறார்.