முப்பத்தொரு பேருக்கும் என் போன் நம்பர்தான்

தோட்ட அலுவலகம்,
ரிங்லெட்.
சனிக்கிழமை மாலை, மழை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை ஜெஃப்ரி அவர்களுக்கு, உங்கள் மனைவியின் அண்ணன் டெரன்ஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் என் மனைவி பார்பராவும் இங்கே உயிரோடு இருக்கிறோம். பெட்டாலிங் ஜெயாவில் நீங்களும் தங்கை வனஸ்ஸாவும் நலமாகத்தான் இருப்பீர்கள். நலமில்லாதவர்கள் போனை எடுத்திருப்பார்கள். நேற்றிலிருந்து பதினான்கு முறை கூப்பிட்டுவிட்டு, இப்போது தபாலை நம்பியிருக்கிறேன்.

தோட்டக் குடியிருப்போர் சங்கத்துத் தலைவர் பதவிக்கு நான் நிற்பது உங்களுக்குத் தெரியும். போன தேர்தலில் கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். இப்போதும் எனக்கெதிராக நிற்கிற அல்போன்ஸ்தான் ஆறு கை வித்தியாசத்தில் ஜெயித்தான். பிரிஞ்சாங்கில் காய்கறி விற்கிறவன், வீட்டுக்கு இரண்டு முட்டைக்கோஸ் கொடுத்து ஜெயித்தான். இரண்டு கையையும் தூக்கியவர்களை நான் கண்ணால் பார்த்தேன். எண்ணியது அவன் மச்சினன். அதனால்தான் ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு ஓட்டு, யார் யாருக்குப் போட்டார் என்று ஆண்டவரைத் தவிர எவருக்கும் தெரியக் கூடாது, அதுவே நாகரிகம் என்று சங்கத்தில் வாதாடினேன். நீங்கள் இலவசமாகவே செயலி கட்டித் தருவதாகச் சொன்னீர்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். பார்க்கவில்லை. மாடு முட்டுகிறது.

முதலில் பதிவு. உங்கள் படிவம் மின்னஞ்சல் கேட்கிறது, கைப்பேசி எண் கேட்கிறது, பெரிய எழுத்தும் எண்ணும் ஏதாவதொரு குறியும் கலந்த பாஸ்வேர்டு கேட்கிறது. லயத்து வரிசை வீட்டு ஜனங்களுக்குப் படிவம் என்றால் என்ன தெரியுமா? கிராணி வீடு. என் அப்பா தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலத்திலிருந்து பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூடம், மருந்து எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். இப்போது கிராணி நான். வந்தார்கள், "நீங்களே எழுதிருங்க கிராணி" என்றார்கள், எழுதினேன். முப்பத்தொரு பேருக்கும் என் போன் நம்பர், ஒரே பாஸ்வேர்டு. அடையாள அட்டையில் நம் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே அரசாங்கமே ஒரு சாய்ந்த கோடு போட்டிருக்கிறது அல்லவா, அதை உங்கள் படிவம் செல்லாத எழுத்து என்று தள்ளிவிட்டது. கோட்டோடு தகப்பனையும் எடுத்துவிட்டு, முப்பத்தொரு பேரையும் தகப்பன் பெயர் தெரியாதவர்களாகப் பதிந்தேன். அவர்களில் நான்கு பேர் என் அப்பாவுக்கு ஞானப்பிள்ளைகள்.

இன்று காலை ஏழு மணிக்கு ஓட்டுப் பதிவு தொடங்கியது, நாளை நண்பகல் வரை. உள்ளே நுழைய ஆறு இலக்க எண் வருமாம். யாருக்கு வரும்? எனக்கு. தோட்டத்தில் எங்கே லைன் கிடைக்கும்? தண்ணீர்த் தொட்டி மேட்டில். ஆகவே படித்த மனிதனான நான், குடையைப் பிடித்துக்கொண்டு, பனிமூட்டத்தில், கங்காணி மாதிரி தொட்டியடியில் காலையிலிருந்து நின்றேன். உள்ளே போனவருக்கு டோக்கன் என்று ஒன்று கிடைக்கும், வாசல் சீட்டு மாதிரி, அது கையிலிருந்தால் திரும்பத் திரும்பப் பெயர் கேட்காது என்று சொன்னீர்கள். அந்தச் சீட்டுக்கு ஆயுள் கால்மணி நேரம்தான் என்று சொல்லவில்லை. யோகேஸ்வரி உள்ளே நுழைந்தாள், இரண்டு பெயரையும் பார்த்தாள், கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை என்று லயத்துக்கு இறங்கிப் போய் எடுத்துக்கொண்டு ஏறி வந்தாள். சீட்டு செத்துப்போச்சு. மறுபடியும் நம்பர். அதற்குள் கோலா தெர்லாவிலிருந்து லோரிக்காரன் செல்லையா கூப்பிடுகிறான். "கிராணி, நம்பரைச் சொல்லுங்க லா, பின்னால ஹோன் அடிக்கிறான்!" ஒரே நேரத்தில் மூன்று நம்பர் வந்து நிக்குது, எது யாருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? யோகேஸ்வரி நம்பரை அவனுக்குச் சொல்லிட்டேன். மூணு தடவை தப்பாப் போட்டு அவன் கணக்கு ஒரு மணி நேரம் பூட்டிக்கிச்சு. அவன் என்னைத் திட்டினான். நான் உங்களைத் திட்டினேன். பார்பரா, தன் போனில் தானே பதிந்துகொண்டு காலையிலேயே ஓட்டும் போட்டு முடித்தவள், காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "நீங்க எலெக்ஷன்ல நிக்கிறீங்களா, இல்ல டெலிபோன் கம்பெனியில வேலைக்குச் சேந்துட்டீங்களா?"

இதைவிட அவமானம் ஒன்று. செல்லையா மறுபடியும் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "கோட் எல்லாம் உங்ககிட்டதானே வருது, நாங்க யாருக்குக் குத்துறோம்னும் உங்களுக்குத் தெரிஞ்சிரும்ல?" என்றான். பட்டம் பெற்றவனைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி! பதில் சொல்வது என் கௌரவத்துக்குக் குறைவு என்று போனை வைத்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு லயம் முழுக்கப் பரவிவிட்டது.

ஆகவே இந்தக் கடிதம் கிடைத்ததும் அந்தச் செயலியை வேரோடு பிடுங்கி எறியுங்கள். இந்தத் தேர்தலை ரத்து செய்யச் சொல்லப் போகிறேன். கையே தூக்கட்டும், ஒருத்தனுக்கு இரண்டு கைக்கு மேல் இல்லை. உங்கள் கல்யாணத்தில் என்னைப் பத்தொன்பதாம் மேசையில், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்ததைக்கூட நான் இதுவரை வெளியே சொன்னதில்லை, வனஸ்ஸாவிடம் மூன்று நான்கு தடவை தவிர. இதைச் சொல்லுவேன்.

ஆண்டவர் உங்களுக்கு நல்ல புத்தியும், என் தங்கைக்குப் பொறுமையும் அருள்வாராக.

இப்படிக்கு,
நனைந்த நிலையில்,
டெரன்ஸ்

பி.கு. (ஞாயிறு மதியம்): மாப்பிள்ளை, மேலே எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம். நண்பகலில் முடிவு வந்தது. மொத்தம் ஐம்பத்திரண்டு ஓட்டு. அல்போன்ஸுக்கு இருபது, எனக்கு முப்பத்திரண்டு. என் போனில் பதிந்த முப்பத்தொரு பேரும், ஒருவர் பாக்கியில்லாமல், எனக்கே போட்டதாகத் தாங்களே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். மக்கள் அன்பு என்பது இதுதான். செல்லையாவின் சந்தேகத்தைத் தீர்த்துவைக்க எனக்கு நேரமிருக்கவில்லை. அருமையான செயலி, ஒரு திருகாணியைக்கூடத் தொடாதீர்கள். கால்மணி நேர டோக்கன் மிகச் சரியான அளவு.

ஒரு சின்ன உதவி மட்டும். முப்பத்தொன்றோடு என் சொந்த ஓட்டைச் சேர்த்தால் முப்பத்திரண்டு ஆகிவிடுகிறது. கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. ரகசிய ஓட்டு புனிதமானது, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனாலும் கட்டியவர் நீங்கள், உள்ளே போய்ப் பார்க்க உங்களுக்கு ஒரு வழி இருக்கும். ஒரே ஒரு கணக்கு யாருக்குப் போட்டது என்று பார்த்துச் சொல்லுங்கள். போனில் வேண்டாம், அலுவலக முகவரிக்கு எழுதுங்கள். அவள் சமையலறையில் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறாள்.