அசல் ஊர்ச் சுருதி

சுந்தர்சிங் அந்தப் பொத்தானை அழுத்தியதும், அதுவரை ஆர்மோனியமாக இருந்தது, அலமாரியிலிருந்து விழுந்த எவர்சில்வர் தட்டாக மாறியது.

"என்னங்க, என்ன உடைஞ்சுது?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் ஜெயலீலா.

"ஒண்ணும் உடையல. சிந்தசைசர ட்யூன் பண்றேன்."

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

அதுதான் தொந்தரவே. நன்றாக இருக்கிற எதையும் சும்மா விடுகிற பழக்கம் சுந்தர்சிங்குக்குக் கிடையாது. அமெரிக்காவில், டாலஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் டெலிபோன் கம்பெனி இன்ஜினியர். எண்பத்தைந்தில் புதிதாக வந்திருந்த டிஜிட்டல் சிந்தசைசர் ஒன்றை, கார் டயர் மாற்ற வைத்திருந்த காசில் வாங்கிவிட்டார். தமிழ்க் கூட்டத்தார் ஓர் அமெரிக்க சர்ச்சின் கட்டடத்தை மத்தியானத்துக்கு மட்டும் இரவல் வாங்கி நடத்தும் கிறிஸ்மஸ் ஆராதனைக்கு அவர்தான் வாத்தியம். ஜெயலீலாவுக்குத் தனிப்பாட்டு. வருஷக்கணக்காகப் பின்வரிசையில் நின்று வாயசைத்தவளுக்கு முதல்முறையாகக் கிடைத்தது. புடவைகூட எடுத்து வைத்துவிட்டாள், பாவம்.

வில்லங்கம் ஊரிலிருந்து வந்தது. சர்ச் ஜூபிலிக்குப் பதிவு செய்த பழைய இசைத்தட்டு ஒன்றையும், அதைப் போட ஒரு ரெக்கார்டு பிளேயரையும் அண்ணன் கொடுத்தனுப்பியிருந்தார். உறை கிழிந்து, லேபிள் கரைந்து, யார் பாடியது என்பதே தெரியவில்லை. சுந்தர்சிங் அதை ரிச்சர்ட்சனில்தான் முதலில் போட்டுக் கேட்டார். கேட்டுச் சொக்கிப்போனார்.

"அந்த அம்மா குரல்ல என்ன கம்பீரம் பாத்தியா, லீலா? இதான் அசல் ஊர்ச் சுருதி. நாமளும் இதுலதான் பாடணும்."

"நாம பாடுறதுக்கு என்னங்க குறை?"

"கீழ இருக்கு. சாந்தகுமார் அங்கிள் அதே சர்ச்சுக்காரர், மகளைப் பாக்க டாலஸ் வந்திருக்கார். அவர் முன்னாடி சுருதி குறைஞ்சா நம்ம ஊரு மானம் என்னாகும்?"

ஊர் மானத்தைக் காப்பாற்ற ஆறு ஆஸிலேட்டர்கள் காத்திருந்தன. சிந்தசைசர் பெட்டிக்குள் ஒவ்வொரு சத்தத்தையும் இந்த ஆறும் சேர்ந்துதான் செய்யும். சில சுருதி கொடுக்கும், மற்றவை சத்தத்தின் நிறத்தை மாற்றும். எது எது என்று கையேடு விளக்கியிருந்தது. இன்ஜினியர்கள் கையேடு படிப்பதில்லை. அதனால்தான் எவர்சில்வர் தட்டு.

அடுத்து வேறொன்றை ஏற்றினார். ஆர்மோனியம் தன்னோடு தானே சண்டை போட்டது. பிறகு ஏதோ ஒரு பொத்தானை அழுத்தி, எல்லாவற்றையும் நிலையான சுருதிக்கு மாற்றினார். அதன்பின் எந்தக் கட்டையைத் தொட்டாலும் ஒரே ஊளை. அடுத்த வீட்டு அமெரிக்கர், புகை எச்சரிக்கை மணிதான் அடிக்கிறதென்று செருப்பில்லாமல் வாசலுக்கு ஓடிவந்தார்.

"ஏங்க, ஒருவேளை ரெக்கார்டு வேகமா ஓடுதோ?"

"அங்க கரன்ட் இருநூத்தி இருபது, இங்க நூத்திப் பத்து. டிரான்ஸ்பார்மர் வெச்சிருக்கேன்ல?"

"அது வோல்ட்டு. கரன்ட்டோட சைக்கிள் செகண்டுக்கு அங்க அம்பது, இங்க அறுபது, கிரைண்டர் வேகமா சுத்தும்னு சொல்லித்தானே எங்கம்மா குடுத்த கிரைண்டர ஏர்போர்ட்லயே விட்டுட்டு வந்தீங்க?"

"கிரைண்டர் வேற, சங்கீதம் வேற!"

இந்த அரிய தத்துவத்தைச் சொல்லிவிட்டு மறுபடி குனிந்தவர், ஒருவழியாக ஆறு ஆஸிலேட்டரையும் ஒன்றிலிருந்து ஒன்று புள்ளி இரண்டுக்கு ஏற்றினார். இசைத்தட்டோடு அச்சாகப் பொருந்தியது.

"பாத்தியா? இன்ஜினியரிங்!"

பொருந்தாதது ஜெயலீலாதான். இரண்டாம் வரியில் குரல் கீச்சிட்டது, மூன்றாம் வரியில் காணாமலே போனது. கிட்டார் வாசிக்கும் தாமஸ் அந்தச் சுருதிக்குக் கம்பியை முறுக்கினான். அது பட்டென்று அறுந்து அவன் கன்னத்தைக் கீறியது.

"அண்ணே, கீபோர்ட கொஞ்சம் இறக்குங்களேன்!"

"கீபோர்ட் கரெக்ட்டுப்பா. மனுஷங்கதான் ஏறணும். அந்த அம்மா பாடல?"

ஜெயலீலா வெந்நீர் குடித்தாள், மிளகு மென்றாள், ஃப்ரீவேயில் கார் ஓட்டிக்கொண்டே கத்திப் பழகினாள். தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஆராதனைக்கு முந்தின நாள் தனிப்பாட்டைத் தாமஸின் மனைவி எலிசாவுக்கு மாற்றினார் சுந்தர்சிங்.

"தப்பா எடுத்துக்காத, லீலா. அந்த அம்மா மாதிரி குரல் எல்லாருக்கும் வராது."

"வரவே வேண்டாம். அந்த அம்மாவே வந்து உங்களுக்குச் சோறும் பொங்கிப் போடட்டும்." புடவையை மடித்து உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதாள் என்பது வெளியே வந்தபோது கண்ணில் தெரிந்தது.

அன்று சாயங்காலம் கடைசி ஒத்திகை. சாந்தகுமார் அங்கிள் கௌரவ விருந்தாளி. வெள்ளை மீசையும் ஸ்வெட்டருமாகச் சோபாவில் உட்கார்ந்தவருக்கு ஜெயலீலா காபி கொடுத்தாள். எலிசா பாட ஆரம்பித்தாள். பாதியில் இருமலோடு நிறுத்தி, தண்ணீர் கேட்டாள். அங்கிள் பதறிப்போய்த் தன் காபியையே நீட்டினார்.

"இவங்கள விடுங்க அங்கிள், ஒரிஜினலக் கேளுங்க," என்று சுந்தர்சிங் பக்தியோடு இசைத்தட்டைச் சுழலவிட்டார்.

அங்கிள் முதல் வரியில் நெற்றியைச் சுருக்கினார். இரண்டாம் வரியில் காதைத் திருப்பினார். மூன்றாம் வரியில் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன குரல், பாத்தீங்களா அங்கிள்!" என்றார் சுந்தர்சிங். "உங்க சர்ச்சுதானே, உங்களுக்குத் தெரியாம இருக்காது. அந்த அம்மா இன்னும் உயிரோட இருக்காங்களா?"

அங்கிள் இசைத்தட்டைப் பார்த்தார், சுந்தர்சிங்கைப் பார்த்தார், மெல்ல மீசையைத் தடவிக்கொண்டார்.

"உயிரோடதான் இருக்கேன், தம்பி. அதப் பாடும்போதே எனக்கு இந்த மீசை இருந்துச்சு."