மாடி வீட்டுப் பெண்ணுக்குக் கீரை தேடிப் போனது

பசியோடு இருப்பவரைக் கோயிலுக்குக் கூட்டிப் போகக் கூடாது. கண் சாமி மேல் நிற்காது. சாமிக்கு வைத்திருப்பதன் மேல்தான் நிற்கும்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு கொரியா தம்பதி குடியிருந்தார்கள். புருஷன் கம்பெனியில் இன்ஜினியர். மனைவி சூமி. (அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ் 'அக்கா'. அது நான்தான்.) பச்சை இலையில் சோற்றைச் சுருட்டித் தின்றால்தான் அவளுக்குச் சாப்பிட்ட மாதிரி. எங்கள் கடைத்தெருக் கீரையோ, கோயம்பேட்டிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தது போலத் துவண்டு கிடக்கும். பெண் இளைத்துப் போனாள்.

"இப்டியே போனா அவ புருஷன் ஊருக்கு அனுப்பிடுவாராம்" என்றார் என் வீட்டுக்காரர். எனக்குச் சோறு இறங்கவில்லை. கூடப் பிறந்தவள் போல இருந்தவளை விட மனசு வருமா?

ஆடி ஞாயிறு வந்தது. பெரியபாளையத்தில் அம்மனையும் கும்பிடலாம், தோட்டத்துக் கீரையும் வாங்கலாம் என்று அவளைக் கூட்டிப் போனேன்.

வாசலில், வேண்டுதலுக்கு உடுத்துகிற வேப்பிலை மலையாகக் குவிந்திருந்தது. அப்போதுதான் ஒடித்தது. நான் கீரைக்காரியிடம் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் சூமி ஒரு கைப்பிடி வேப்பிலையை மென்றுவிட்டாள்.

கசப்பில் தலையை உலுக்கினாள். கையை உதறினாள். கொண்டை அவிழ்ந்தது. அவள் பாஷையில் என்னமோ அலறினாள்.

"அடியே, அம்மா வந்துட்டாடி!" என்று ஒருத்தி குலவையிட்டாள். பம்பை முழங்கியது.

"தாயே, இன்னா வேணும்?"

"வாட்டர்! வாட்டர்!"

"இங்கிலீஷ்ல கேக்கறா பாரு! மஞ்சத்தண்ணி எட்தாங்கடி!"

ஒரு குடத்தைத் தலையில் கவிழ்த்தார்கள். "இன்னும் கோவம் அடங்கல, வேப்பிலைய குடு!" என்று வாயில் மறுபடி திணித்தார்கள். அவள் இன்னும் ஆடினாள்.

நடந்தது தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். காப்பாற்ற வேண்டியவளும் நான்தான். ஆனால் குலவை கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தடாலென்று சேற்றில் விழுந்து சூமியின் காலைப் பிடித்துக்கொண்டேன். "தாயே, எங்க மாடி ஊட்டுப் பொண்ண ஊருக்கு அனுப்பிடாத!"

"அக்கா!" என்று அலறினாள் அம்மன்.

"அம்மனே உன்ன அக்கான்றா! இன்னா புண்ணியம் பண்ணியோ!" என்று பக்கத்தில் நின்றவள் என் காலில் விழுந்தாள்.

சாமி மலையேறட்டும் என்று கூழ் கொடுத்தார்கள். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரைப் பொரியல். சூமி ஒரு வாய் வைத்தாள். ஆட்டம் நின்றது. இன்னொரு வாய். கை நீட்டி மறுபடி கேட்டாள். "அக்கா, வாட் லீஃப்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மரம் எங்கள் கொல்லையிலேயே நிற்கிறது. மாடிப்படியில் நின்றால் கைக்கு எட்டும். கொல்லையில் சும்மா முளைத்ததை வெளிநாட்டுக்காரிக்கு எப்படிக் கொடுப்பது என்று கௌரவம் பார்த்தது இந்தத் தலைதான்!

சூமி ஊருக்குப் போகவில்லை. இன்னும் நாலு வருஷம் இருந்தாள். முருங்கைமரம்தான் மொட்டையானது.

இன்றைக்கும் நான் விளக்கேற்றி எதையாவது முணுமுணுத்தால் வீட்டுக்காரர் விடமாட்டார். "இன்னாத்துக்கு இங்க நின்னுகினு வேண்டற? மாடிக்குப் போய்க் கேளு. அம்மன் குடியிருந்த எடம், அங்க கேட்டா ஒடனே நடக்கும்!"