அக்காவின் காராமணிக்கு நான் அடித்த மருந்து

களையைச் சரியாக அடையாளம் கண்டு, பயிரைக் கொன்ற ஆள் நான். வேளாண்மையில் டிப்ளமோ படித்தவன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன் (சான்றிதழ் பீரோவில் இருக்கிறது, யாரும் கேட்பதில்லை).

அடி அண்ணாமலை கிராமத்தில் என் அக்காவுக்கு இருந்தது ஒரே ஒரு செவலைப் பசு. மாமா இறந்த பிறகு அதன் பாலில்தான் வீடு ஓடியது. பசு சினையாக இருந்ததால், கொல்லையில் தீவனச்சோளமும் ஊடே காராமணியும் விதைத்திருந்தாள். மழைக்குப் பின் அதில் சாரணைக் களை படர்ந்துவிட்டது. சிவந்த தண்டு, தடித்த இலை, தரையோடு பாய் விரித்த மாதிரி. பூப்பதற்குள் கையால் பிடுங்கிவிட்டால் தீர்ந்தது. ஆனால் அது பௌர்ணமி வாரம். களை எடுக்கும் பெண்கள் அத்தனை பேரும் கிரிவலப் பாதையில் கடை போடப் போய்விட்டார்கள்.

"நாலு நாள் பொறுத்தா வந்துடுவாங்கடா" என்றாள் அக்கா.

நான் பொறுப்பேனா? டவுனில் உரக்கடைக்குப் போனேன்.

"இன்னா பயிருங்க?" என்றார் கடைக்காரர்.

"தீவனச்சோளம்" என்றேன் கம்பீரமாக. சோளத்தை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொல்லும் மருந்தைக் கொடுத்தார். காராமணிக்கும் அகன்ற இலைதான்; அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

"காராமணிக்கு ஒண்ணும் ஆவாதில்ல?" என்று வீட்டில் மருந்தைப் பார்த்த அக்கா கேட்டாள்.

"இதுக்குத்தானேக்கா படிச்சேன்!"

சில நாளில் சாரணை சுருண்டு செத்தது. காராமணியும் செத்தது (மருந்துக்கு என் படிப்பின் மேல் மரியாதை இல்லை). சோளம் நின்றது. ஆனால் மருந்து பட்டதைச் சினை மாட்டுக்குப் போட அக்காவுக்கு மனம் வரவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிய வைக்கோல் இரண்டு வாரம் வந்தது. மாட்டுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும், கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டாள்.

"அங்கயாவது வயிறாரத் தின்னட்டும்" என்றாள். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

மாடு வண்டியில் ஏற மறுத்தது. மூன்று பேர் தள்ளியும் அசையவில்லை. அக்கா முன்னால் ஏறி நின்று "வாம்மா" என்றாள். உடனே ஏறிவிட்டது. நான் வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். மறுநாளிலிருந்து அக்கா ஒரு லாட்ஜுக்குத் துணி துவைக்கப் போனாள்.

இப்போதும் வீட்டில் விசேஷம் என்றால், நான் தொட்டிச் செடிப் பக்கம் போனாலே அக்காதான் ஆரம்பிப்பாள்: "டேய், தள்ளி நில்லு. படிச்சவனைக் கண்டா செடி வாடிடும்!" நான் படிப்பைச் சொல்லி மார்தட்டிய கம்பீரத்தை அப்படியே நடித்துக் காட்டுவாள். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். காராமணி செத்த இடத்தோடு கதையை நிறுத்திவிட்டு, காபி போட உள்ளே போய்விடுவாள். அந்த வண்டியைப் பற்றி இதுவரை அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.