நத்தைத் தலையர்களும் எங்கள் வீட்டு வாழையும்

ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்து, "நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று கேட்டவன் நான். மனதுக்குள் அல்ல, வாய்விட்டு, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வரை கேட்கும்படி. சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்த என் மனைவி வசந்தா கரண்டியோடு எட்டிப் பார்த்து, "யாரைங்க திட்டுறீங்க?" என்றாள்.

"நத்தைங்களை" என்றேன்.

அவள் கரண்டியோடு உள்ளே போய்விட்டாள். (சாப்பாடு முடிந்ததும் என் பிரஷர் மாத்திரையை அவளே எடுத்து வந்து கையில் வைத்தாள். அக்கறை என்றுதான் அப்போது நினைத்தேன்.)

எல்லாவற்றையும் தொடங்கிவைத்தவள் எங்கள் மகள் நிலா. சென்னையில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தாள். செமஸ்டர் லீவில் வந்தபோது, ஆபீஸ் விட்டு வந்த அப்பா டிவி விவாதங்களைப் பார்த்து டிவியோடு சண்டை போடுவதைக் கண்டு மனம் பொறுக்காமல், வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். டிவியோடு சண்டை நின்றது. எதிரிதான் மாறினான்.

விளையாட்டு இதுதான்: விண்வெளியில் உங்களுக்கு ஒரு கிரகம். அங்கிருந்து கப்பல் அனுப்பி, அக்கம்பக்கத்து நட்சத்திரங்களில் சாவடி போட்டு, சாம்ராஜ்யத்தைப் பெருக்க வேண்டும். உங்களைப் போலவே வேறு சில இனங்களும் பெருக்கிக்கொண்டிருக்கும். அவற்றை ஆட்டுவிப்பது கம்ப்யூட்டரே. "அதுதான் ஏ.ஐ., அப்பா. உங்களைவிட வேகமா யோசிக்கும்" என்றாள் நிலா. மைன்ஸ் ஸ்டோர்ஸ் பிரிவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவனிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எனக்குத் தெரிந்த முறையில்தான் ஆண்டேன். கிரகங்களுக்கு வட்டம் ஒன்று, வட்டம் இரண்டு என்று பெயர் வைத்தேன். நெய்வேலி நகரியத்தில் ஊரே வட்டம் வட்டமாக எண் போட்டுக் கிடக்கும்போது, விண்வெளிக்கு மட்டும் என்ன தனிப் பெயர்? எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் முதல் வேலையாகச் சுரங்கம் வெட்டினேன். சோறு இல்லை என்று குடிமக்கள் முணுமுணுத்தார்கள். இரண்டாவது சுரங்கம் வெட்டினேன்.

முதல் வட்டத்துக்கும் இரண்டாம் வட்டத்துக்கும் நடுவில் ஓர் உதவாக்கரை நட்சத்திரம் இருந்தது. கனிமம் கிடையாது, தண்ணீர் கிடையாது. அங்கே போய்ச் சாவடி போடுவது தண்டச் செலவு என்று விட்டுவிட்டேன். நமக்கு நடுவில்தானே இருக்கிறது, எங்கே போய்விடப் போகிறது?

என் வீழ்ச்சியின் விதை அந்த நினைப்பில்தான் இருந்தது. நான் குவார்ட்டர்ஸில் பிறந்து, குவார்ட்டர்ஸில் வளர்ந்து, குவார்ட்டர்ஸில் கல்யாணம் பண்ணிக்கொண்டவன். என்னைப் பொறுத்தவரை நிலம் என்பது வாங்குவதும் இல்லை, பிடிப்பதும் இல்லை, அலாட் ஆவது. அப்படி அலாட் ஆன வீட்டைச் சுற்றிச் சும்மா கிடக்கும் இடத்தில் ஒரு வேலி போட்டு, முருங்கையோ வாழையோ வைத்துக்கொள்வது நகரிய வழக்கம். செங்கல் பதித்த எல்லைக்கோடு ஒன்று மண்ணுக்கடியில் எங்கோ இருக்கும். அதை யாரும் தேடுவதில்லை. எல்லோருடைய வேலியும் அதைத் தாண்டித்தான் நிற்கும் என்பதால், யாரும் யாரையும் கேட்பதில்லை. எழுதாத சட்டம் அது.

ஏ.ஐ.க்கு அந்தச் சட்டம் தெரியவில்லை.

ஒருநாள் பார்க்கிறேன், நடு நட்சத்திரத்தில் பச்சைக்கொடி பறக்கிறது. பக்கத்துப் பேரரசான நத்தைத் தலையர்கள் வந்து சாவடி போட்டுவிட்டார்கள். கூடவே ஒரு செய்தி: "அண்டை வீட்டாரே, நம் நட்பு தழைக்கட்டும்." நானும் பெருந்தன்மையாக நிறையக் கனிமம் பரிசளித்து, அது என் இடம் என்று நாசூக்காக உணர்த்தப் பார்த்தேன். அவர்கள் நன்றி சொல்லிவிட்டு, அந்தக் கனிமத்தைக் கொண்டே இன்னொரு சாவடி கட்டினார்கள். "நீயெல்லாம் ஒரு மனுஷனா" என்று நான் கத்தியது அப்போதுதான்.

நிலாவுக்குப் போன் போட்டேன்.

"காலியா விட்டா அது வரத்தான் செய்யும்ப்பா. அதுக்குக் கோவமும் கெடையாது, வெக்கமும் கெடையாது."

"என்னோட ரெண்டு வட்டத்துக்கும் நடுவுல இருக்குற எடம் அது!"

"நடுவுல இருந்தா உங்களுதா?"

"பின்னே?"

"எப்பப்பா புடிச்சீங்க அதை?"

"புடிக்கிறது என்ன புடிக்கிறது, அது அங்கேயேதானே இருக்கு!"

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "அப்பா, ஏ.ஐ. வர்றதுக்கு முன்னாடி நீங்க போய்ச் சாவடி போட்டு மறிக்கணும். ஓரத்துல கொஞ்சம் கொஞ்சமாத்தான் நுழையும். அப்பவே பார்த்துத் தடுக்கலன்னா மொத்தமும் போயிடும்" என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஏனென்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஐந்தாம் வட்டத்தையும் நத்தைகளிடம் பறிகொடுத்த துக்கத்தில் காற்று வாங்கக் கொல்லைப்பக்கம் போனேன். பக்கத்து வீட்டுச் செல்வராசு எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே குனிந்து குச்சி நட்டுக்கொண்டிருந்தார். பழைய வேலிக்கு ஓர் அடி இந்தப் பக்கம். ஓரத்தில். கொஞ்சம் கொஞ்சமாக.

"என்னா பண்றீங்க செல்வராசு?"

"கிளுவக்குச்சி நட்டுகினு இருக்கேன் சார். கோழிக் கூண்டு ஒண்ணு வெக்கணும்னு வூட்டுல சொல்லிகினே இருக்கு. ஒரு அடி தள்ளிக்கினா சரியா பூடும். நல்லா இருக்கீங்களா சார்?" என்று சிரித்தார்.

நம் நட்பு தழைக்கட்டும் என்கிறான், என்று நினைத்துக்கொண்டேன்.

செல்வராசு கன்வேயர் செக்‌ஷனில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். அவர் அப்பாவின் நிலம் மைன்ஸுக்குப் போனதால் கிடைத்த பெர்மனென்ட் வேலை அது. (அப்படிப்பட்ட மனிதரிடம், "இடம் போனா என்ன வலின்னு உங்களுக்குத் தெரியாது" என்று அன்றைக்குச் சொன்னேன். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். எங்கள் ஊரில் அதற்கான இயந்திரங்களும் இருக்கின்றன.)

வேலிக்கு இந்தப் பக்கம் வசந்தாவின் வாழைத்தோட்டம். அதன் கதையையும் சொல்ல வேண்டும். வசந்தாவின் அக்கா கடலூரில் மாடி வீடு கட்டிக் குடியிருப்பவர். "குவார்ட்டர்ஸ்ல இருக்கறவளுக்குச் சொந்தம்னு சொல்லிக்க என்னடி இருக்கு?" என்று எந்த விசேஷத்திலும் ஒருமுறையாவது கேட்டுவிடுவார். அந்த அக்காவின் மகளுக்கு ஆவணியில் விருத்தாசலத்தில் கல்யாணம். வசந்தா போன் போட்டு, "மண்டப வாசல்ல கட்டுறதுக்கு வாழை நான் கொண்டாரேன்க்கா. என் தோட்டத்து வாழை" என்று சொல்லியிருந்தாள். அந்த 'என்' என்ற சொல்லை அவள் எவ்வளவு அழுத்திச் சொன்னாள் என்பதைக் கேட்டிருக்க வேண்டும். கல்யாணத்துக்கென்றே கணக்காக வளர்ந்த மாதிரி இரண்டு மரங்கள் குலை தள்ளி நின்றன. தினமும் காலையில் காபி டம்ளரோடு போய் அவற்றைப் பார்த்துவிட்டு வருவாள்.

வேலி நகர்ந்ததைச் சொன்னதும், "ஒரு அடிதானே, போனா போவுது. வாழைக்கு ஒண்ணும் ஆவல. அண்ணன்கிட்ட வம்புக்குப் போவாதீங்க" என்றாள்.

"இப்பவே தடுக்கலன்னா மொத்தமும் போயிடும்."

"யாரு சொன்னா?"

என் மகள் சொன்னாள், விண்வெளியைப் பற்றி, என்று எப்படிச் சொல்வது?

முதலில் சாவடி போட்டேன். அதாவது, பழைய தண்ணீர் டிரம் ஒன்றையும் வீட்டில் யாரும் தொடாத ஆட்டுக்கல்லையும் உருட்டிக்கொண்டு போய் அந்தச் சந்தில் வைத்து மறித்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. மறுநாள் பார்த்தால், டிரம்மின் மேல் செல்வராசு வீட்டுப் போர்வை காய்கிறது. ஆட்டுக்கல்லின் குழியில் கோழி தண்ணீர் குடிக்கிறது. "நல்லதாப் போச்சு சார், கல்லு போட்டுக் குடுத்தீங்க" என்றார் செல்வராசு. பரிசளித்த கனிமத்தின் கதைதான்.

விண்வெளியில் புகார் கொடுக்க ஆபீஸ் இல்லை. நெய்வேலியில் இருந்தது. குவார்ட்டர்ஸ்களைப் பராமரிக்கும் ஆபீஸுக்குப் போய், பக்கத்து வீட்டுக்காரர் ஆக்கிரமிக்கிறார், அளந்து பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிய சூப்பர்வைசர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "அளக்கணுமா சார்? நெஜமாவா?" என்றார். "கண்டிப்பா" என்றேன். "வேணும்னா நாங்க வந்து வாய்ல சொல்லிப் பாக்கறோமே." "டேப் வெச்சே அளக்கணும்" என்றேன். தப்பிக்கக் கிடைத்த கடைசி வாய்ப்பையும் கோட்டைவிட்டேன்.

டேப் வந்தது. சூப்பர்வைசரும் இரண்டு ஆட்களும் சுவரிலிருந்து இழுத்துக்கொண்டே போய், ஓர் இடத்தில் மண்ணைக் கொத்தினார்கள். பாசி படிந்த செங்கல் வரிசை தலைகாட்டியது.

"கோடு இதுதான் சார். இதுக்கு அப்பால எல்லாம் பொது எடம்."

"அதைத்தானே நானும் சொல்றேன்! அவரு வேலி எங்க நிக்கிது பாருங்க."

"கோட்டுக்கு அப்பாலதான் சார். உங்க வாழையும் அப்பாலதான் நிக்கிது."

திரும்பிப் பார்த்தேன். வாழைத்தோட்டம் முழுவதும் கோட்டைத் தாண்டி வெகு தூரத்தில், கிட்டத்தட்ட வேறொரு சூரிய மண்டலத்தில், நின்றது.

"இது... வாழை சார்" என்றேன். (அந்த நேரத்தில் எனக்கு எட்டிய சட்ட நுணுக்கம் அவ்வளவுதான்.)

"நீங்க எழுதிக் குடுக்காத வரைக்கும் நாங்களும் இந்தப் பக்கம் டேப் எடுத்து வரல சார். அளந்ததுக்கு அப்புறம் ஒரு வூட்டை மட்டும் விட முடியுமா? வரிசை மொத்தமும் பாக்கணும்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இழவு வீட்டில் பேசும் குரல்.

வரிசை மொத்தமும் பார்த்தார்கள். முருங்கை, கறிவேப்பிலை, ஒரு மாட்டுக்கொட்டகை, யாரோ ஆசையாக வைத்த மல்லிகைப் பந்தல் என்று எங்கள் வரிசையே கோட்டுக்கு அப்பால் வாழ்ந்துகொண்டிருந்தது. கடைசி வீட்டு டீச்சர் என்னைப் பார்த்து, "ஏன் சார், கோவம்னா நீங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கறதுதானே? எங்க முருங்க உங்கள என்ன சார் பண்ணிச்சு?" என்று கேட்டார்.

கோட்டுக்கு அப்பால் இருப்பதை எல்லாம் எடுக்கக் கொடுத்த அவகாசம் முடிந்து, வெட்டுவதற்கு ஆட்கள் வந்தபோது, வசந்தா வெளியே வரவில்லை. குலையோடு வாழை சாயும் சத்தம் கேட்டபோது அடுப்படியில் முதுகு காட்டி நின்றாள். "அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றாள். அவ்வளவுதான். அவள் கத்தியிருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

நத்தைகளும் அந்த வாரத்தில்தான் தூது அனுப்பினார்கள். என் பேரரசு அவர்கள் பாதுகாப்பில் வந்துவிட்டால் மீதி வட்டங்களை விட்டுவைப்பார்களாம். ஒப்புக்கொண்டேன். கல்யாணத்துக்காக ஊருக்கு வந்த நிலா, என் சாம்ராஜ்யம் இருந்த இடத்தை மவுஸால் தேடிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது புதுசா கத்துக்கறவங்களுக்கான லெவல். இதுல ஏ.ஐ. வேணும்னே விட்டுக்குடுத்துதான் ஆடும்" என்றாள்.

கடலூர் அக்காவுக்கு நான் போன் செய்யவே இல்லை. எடுப்பேன், எண்ணைப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. பின்னால் இரண்டு வாழை, எங்கள் வாழையைவிட ஒரு முழம் உயரம், தரையைத் தொடும் குலை. முன்சீட்டிலிருந்து செல்வராசு இறங்கினார்.

"தங்கச்சி, வடக்குத்து ஊருல எங்க அண்ணன் கொல்லையில வெட்டுனது. ஏறுங்க, அப்படியே மண்டபத்துல எறக்கிட்டு வந்துடலாம்" என்றார். வாழை சாய்ந்த அன்று அழாத வசந்தா, இப்போதுதான் அழுதாள். என்னிடம் திரும்பி, "சார், நீங்க பின்னால மரத்தப் புடிச்சிகினு வாங்க" என்றார் செல்வராசு. விருத்தாசலம் வரை பின்னால் நின்றுகொண்டு, வாழை இலை முகத்தில் அறைய அறையப் போனேன். ஒவ்வொரு அறையும் நியாயமாகத்தான் பட்டது.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் வந்தவர்கள் எல்லாம் அந்த வாழையைத்தான் அண்ணாந்து பார்த்தார்கள். வசந்தாவின் அக்கா, ஊரறியத் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் தங்கச்சி கொண்டாந்தது" என்றார். வசந்தா மறைக்கவில்லை. "எங்க பக்கத்து வீட்டு அண்ணன் குடுத்ததுக்கா" என்று செல்வராசுவைக் காட்டினாள். அக்காவின் பார்வை அவரிடமிருந்து நகர்ந்து என்மேல் வந்து நின்றது. "அப்ப மாப்ள எதுக்கு இருக்காரு?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வராசு முந்திக்கொண்டு எனக்காகப் பரிந்து பேசினார். அன்று அவர் சொன்ன வாக்கியம் எங்கள் வீட்டில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பால் பொங்கி வழிந்தாலும், பஸ் கண்ணெதிரே போய்விட்டாலும், தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அதைத்தான் சொல்கிறார்கள். அவர் கேலியாகச் சொன்னாரா, மனதாரச் சொன்னாரா என்று எனக்கு இதுவரை பிடிபடவில்லை. கை கூப்பி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்:

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. சார் மட்டும் இல்லன்னா இந்த வாழ இங்க வந்தே இருக்காது."