மூன்றாவது ரேக்கும் எங்கள் சஹனும்

பாலக்கரை,
திருச்சி.

என் மனைவியின் உடன்பிறந்தவரும் என் மதிப்பிற்குரிய மச்சினருமான அப்துல் அஹத் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உங்கள் அக்கா சுராயாவும் நானும் நலம். குவைத்தில் நீங்களும் அஃபீஃபாவும் பிள்ளைகளும் நலமாயிருக்க துஆ செய்கிறோம். எங்களை நலம் என்று எழுதியது வழக்கத்துக்காக. விவரம் கீழே வருகிறது. போனில் பேசினால் உங்கள் அக்கா காதில் விழும் என்பதால், பெரிய கடைவீதியில் என் குடைக்கடையில் உட்கார்ந்து எழுதி, நாளை குவைத்துக்கு விமானம் ஏறுகிற ஜாவித் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம், நீங்கள் அனுப்பிய பாத்திரம் கழுவும் மெஷின். சோப்புத் தண்ணீரில் வெடித்துப்போயிருந்த சுராயாவின் கை அதனால்தான் ஆறியது. அந்த நன்றி சாகும்வரை இருக்கும். இப்போது லீவில் வரும்போது அதில் பாத்திரம் அடுக்க மூன்றாவதாக ஒரு கம்பி ரேக் வாங்கி வரட்டுமா, விலை கொஞ்சம் அதிகம், யோசித்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். யோசித்தேன். அந்த விலைக்கு இங்கே ஓர் ஆட்டுக்குட்டி வாங்கலாம் என்பது ஒருபுறம் இருக்க, இருக்கிற இரண்டு ரேக்கையே நாங்கள் படாதபாடு பட்டுத்தான் நிரப்புகிறோம். மெஷின் நிறையாமல் ஓட்டக்கூடாது என்பது உங்கள் அக்காவின் சட்டம். "பாதி மெஷினை ஓட்டினா தண்ணியும் கரண்டும் வீணுங்க, இன்னொரு கிண்ணம் எடுத்துக்குங்க" என்கிறாள். தாளிச்சாவுக்கு ஒரு கிண்ணம், ஊறுகாய்க்கு ஒரு கிண்ணம், எலுமிச்சைத் துண்டு ஒன்று உட்கார ஒரு சாஸர். போன வாரம் தண்ணீர் குடிக்க டம்ளர் தேடினேன். எல்லாம் மெஷினுக்குள், துணைக்கு ஆள் சேரட்டும் என்று காத்திருந்தன. கடைக்கு வந்து, குடை ரிப்பேர் பார்க்கும் வெள்ளைச்சாமியின் டம்ளரில் குடித்தேன். மூன்றாவது ரேக்கும் வந்தால் அதை நிரப்ப அக்கம்பக்கத்தில் அழுக்குப் பாத்திரம் இரவல் கேட்க வேண்டியிருக்கும்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன் மச்சான், சஹன் போனதைத்தான் தாங்க முடியவில்லை. உங்கள் அத்தா சீராகக் கொடுத்த அந்தப் பெரிய தட்டில்தான் நிக்காஹ் ஆன நாளிலிருந்து நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டு வந்தோம். சண்டை போட்ட நாளிலும் சஹன் ஒன்றுதான். பேசமாட்டாள், ஆனால் நல்ல கறித்துண்டு ஒன்று என் பக்கம் நகர்ந்து வரும், நான் திருப்பித் தள்ளுவேன், சோறு தீர்வதற்குள் சண்டையும் தீர்ந்துவிடும். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் எழுந்திருக்கக் கூடாது என்கிற சஹனின் மரியாதை உங்களுக்கும் தெரியும். அது மெஷினுக்குள் போக மறுத்துவிட்டது. கீழ் ரேக்கில் நிறுத்தினால் மேல் ரேக் இடிக்கிறது. மேலே படுக்க வைத்தால் கதவைச் சாத்த முடியவில்லை. நானே கையால் கழுவுகிறேன் என்றேன். "நீங்க கழுவினதை நான் மறுபடி கழுவணும்" என்றாள். சஹன் பரணில் ஏறியது. ஆளுக்கொரு தட்டு வந்தது.

அதன் பிறகு நான் டிவி முன்னால், அவள் அடுப்படியில். மெஷினில் பாத்திரம் அடுக்குவது மட்டும் என் வேலை. பக்ரீத் முடிந்ததிலிருந்து அவள் தட்டில் ஓர் எலும்புகூட இல்லை. என்ன சுத்தம் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பூனை கண்ணுக்கு முன்னால் பெருத்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"கறியை ஏம்மா பூனைக்குப் போடறே?"

"பல்லு வலிங்க. மெல்ல முடியலை."

"எப்போலேர்ந்து?"

"பக்ரீத்துலேர்ந்து. நீங்க நியூஸ் பார்த்துக்கிட்டு இருந்தீங்க, அதான் சொல்லலை."

மச்சான், ஒரே சஹனில் உட்கார்ந்திருந்தால் முதல் கவளத்திலேயே கண்டுபிடித்திருப்பேன். இத்தனை வருஷம் அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டவன், இப்போது செய்தி வாசிக்கிறவர் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறேன். எனக்கே என்மேல் கோபம் வருகிறது. ஆகவே ரேக் வேண்டவே வேண்டாம். அந்தக் காசில் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்குங்கள்.

உங்கள் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், ஒருவர் வலி மற்றவருக்குச் சொல்லாமலே தெரிகிற நெருக்கத்தையும் அல்லாஹ் உங்களுக்குத் தருவானாக. அஃபீஃபாவுக்கு எங்கள் சலாம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
முஜிபுர் ரஹ்மான்

பின்குறிப்பு: ஜாவித்தின் பயணம் தள்ளிப்போனதால் கடிதம் என் சட்டைப்பையிலேயே கிடந்தது. சட்டையைத் துவைக்க எடுத்த உங்கள் அக்கா படித்துவிட்டாள். பரணிலிருந்து சஹனை இறக்கச் சொன்னாள். மெஷினின் மேல் ரேக்கை அப்படியே உருவி வெளியே எடுத்தாள். சஹன் உள்ளே நிமிர்ந்து நின்றது, கதவையும் சாத்த முடிந்தது. "சஹன் வேணும்னு வாயைத் திறந்து கேட்டிருந்தா அன்னிக்கே செஞ்சிருப்பேன்ல?" என்றாள். உருவிய ரேக்கை, மாடியில் காய்கிற குர்பானிக் கறி உப்புக்கண்டத்தின் மேல் கவிழ்த்து, பழைய துப்பட்டாவைப் போர்த்தியிருக்கிறாள். காக்கையும் அந்தப் பூனையும் சுற்றிச் சுற்றி வந்து ஏமாந்து போகின்றன. கறி இன்னும் நிறைய இருக்கிறது, ஒரு ரேக் போதவில்லை. ஆகவே மேலே எழுதியதைத் தள்ளிவிட்டு, விலையைப் பாராமல் மூன்றாவது ரேக்கை அவசியம் வாங்கி வரவும். அவளைத் தில்லைநகர் பல் டாக்டரிடம் கூட்டிப்போய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று. இன்று பகல் சஹனில் நல்ல துண்டாகப் பார்த்து அவள் பக்கம் தள்ளினேன். திருப்பித் தள்ளவில்லை. அதைத் தின்றுவிட்டு, என் பக்கத்தில் இருந்ததையும் எடுத்துத் தின்றாள். அல்ஹம்துலில்லாஹ்.